சாட்சி எண்ணியது பதினொன்று

"மேற்கண்ட படத்தின் சுருள்கள் பதினொன்றும் ஒப்பந்தக் காலம் முடிந்தபடியால் வெட்டி அழிக்கப்பட்டன. சாட்சி எண்ணியது."

என் ஆல்பத்தில் இருந்த ஒரு தாளின் வாசகம் இது. படிவத்துக்கு எழுத்துக் கோத்து அச்சடித்தவன் நானே. அச்சில் இருப்பது 'நான் எண்ணியது' என்றுதான். இந்த ஒரு படத்தின் சான்றில் மட்டும் அவர் 'நான்' என்ற சொல்லின் மேல் நேராக ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலே 'சாட்சி' என்று எழுதியிருக்கிறார். இடப்பக்கம் அவர் கையெழுத்து. வலப்பக்கம் சாட்சியின் கையெழுத்து, அதாவது என்னுடையது.

தேதி எழுதிய மூலையைச் செல் அரித்துவிட்டது. தேதி இல்லாத தாளை நான் சேர்த்து வைப்பவன் அல்ல. ஆனாலும் நாள் தெரியும்: தைப்பூசம் முடிந்து, தண்ணீர்மலையிலிருந்து ரதம் ஊருக்குள் திரும்பியதற்கு மறுநாள். திங்கட்கிழமை. காலை பத்து மணி ஆகியிருக்காது. ஆண்டுதான் பிடிபடவில்லை. தமிழ் பேசும் படங்கள் பினாங்குக்கு வரத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதற்கு மேல் என்னால் குறுக்க முடியவில்லை.

செல் மேலும் பரவுமே என்று சென்ற மாதம் அந்தத் தாளை ஆல்பத்திலிருந்து உரித்தெடுத்தேன். பின்பக்கத்தைப் பார்த்தேன். அன்று பிற்பகல் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பின்பக்கத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்லுமுன் அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் அச்சகம். அடுத்த வாசல் அவருடைய படக் கம்பெனி. கம்பெனி என்று பலகையில் இருந்ததே தவிர உள்ளே அவர் ஒருவர்தான். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்த பெரிய கொட்டகைக்காரர்கள் யாரோடும் சேராமல், மெட்ராசிலிருந்து ஒரு படத்துக்கு ஒரு பிரதி தருவித்து, அந்த ஒரு பிரதியைப் பினாங்கு, பட்டர்வொர்த், கெடா, பேராக் என்று ஊர் ஊராகச் சுற்ற விட்டு வாங்குவார். நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அவரை நானா என்பேன். மற்றவர்களுக்கு அவர் தவுக்கே, அதாவது முதலாளி. நெட்டையான உருவம், அகன்ற முதுகு, மழை இல்லாத நாளிலும் கையில் குடை.

அவரை நான் முதலில் பார்த்தது கம்பெனி தொடங்குவதற்கு முன்பு, ஊமைப் படக் காலத்தில். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, நடுவில் வரும் எழுத்தை வாசித்துக் கதை சொல்ல வேண்டும். கெட்டிக்காரர்கள் இரண்டு வரியை இருபது வரியாக்கி, கூட்டத்தை அழவைத்து, இடையில் ஒரு பாட்டும் பாடிவிடுவார்கள். ஒரு கூடாரக் கொட்டகையில் இவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். திரையில் ஒருத்தி கதறிக்கொண்டிருக்கிறாள். இவர் வாயைத் திறக்கவில்லை.

"யோவ், அவ ஏன்யா அழுவுறா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"எழுதல."

"எழுதலன்னா நீ சொல்லுய்யா! அதுக்குத்தான ஒன்ன நிப்பாட்டியிருக்கு?"

"எழுதாதத எப்படிச் சொல்றது? வயித்து வலியாக்கூட இருக்கும்."

கூடாரம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. மூன்றாம் நாள் அவரை நிறுத்திவிட்டார்கள். நான் திகைத்தது அவர் முகத்தைப் பார்த்துத்தான். கேலியும் இல்லை, வெட்கமும் இல்லை. எழுதாததைச் சொல்லவில்லை என்ற நிம்மதி மட்டும் இருந்தது.

பிறகு கம்பெனி தொடங்கினார். அவருடைய படங்களுக்கு நோட்டீஸ் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு நோட்டீசிலும் ஒரு பிரதியை எடுத்து ஆல்பத்தில் ஒட்டிவைக்கும் பழக்கம் அப்போதுதான் தொடங்கிற்று. முதல் நோட்டீசையே அவர் திருப்பிக் கொண்டுவந்தார்.

"உலகமே வியக்கும்னு போட்டிருக்கியே தம்பி, யாரு வியந்தா?"

"எல்லாரும் போடுறதுதான் நானா."

"உலகம் நமக்கு வேணாம். பினாங்கில் பார்த்தவர்கள் வியந்தனர், அப்படிப் போடு."

"பினாங்குல இன்னும் யாரும் பாக்கலியே?"

"அப்ப வியக்குறத எடுத்துரு."

கடைசியில் அந்த நோட்டீசில் மிஞ்சியது படத்தின் பெயர், கொட்டகை, மணி, எத்தனை ரீல் என்பது மட்டும். ரீல் எண்ணிக்கையையும் நான் நேரில் வந்து எண்ணிய பிறகே போட விட்டார். பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து, சுருளைத் தொட்டு, வாய்விட்டு எண்ண வேண்டும். எங்கள் கடைத்தெருவில் சரக்கு எண்ணுகிறவர்கள் ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் எண்ணுக்குப் பதிலாக லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு. அவரும் படச்சுருளை அப்படித்தான் எண்ணுவார். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." நானும் அவரோடு சேர்ந்து எண்ணி எண்ணி, அச்சுத் தாளைக்கூட லாபம் என்று தொடங்கப் பழகிவிட்டேன்.

தாளில் எழுதியதற்கும் நடந்ததற்கும் நடுவில் ஒரு மயிரிழைகூட இருக்கக் கூடாது அவருக்கு. பட்டர்வொர்த்தில் ஒரு கூடாரக் கொட்டகைக்கு மாலை ஐந்து மணிக்குள் பெட்டி சேர்ப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். அன்று மதியம் பெருங்காற்று. அக்கரைக்குப் போகும் ஃபெரிப் படகை நிறுத்திவிட்டார்கள். மனிதர் சம்பான் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டும் ஒருவரைப் பிடித்து, மெழுகுத் துணியில் பெட்டிகளைச் சுற்றி, கயிற்றால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு கடலைக் கடந்தார். நீந்தத் தெரியாதவர். போய்ச் சேர்ந்தால் அங்கே காவல்காரரைத் தவிர ஈ காக்கை இல்லை.

"இன்னிக்கி ஷோ ஏதுலா தவுக்கே? கூடாரமே பறந்துருச்சு. மொதலாளி அதத் தேடிப் போயிருக்காரு."

"கூடாரம் ஒங்க பொறுப்பு. பெட்டி என் பொறுப்பு. ரேகை வையி."

மறுநாள் இதை என்னிடம் சொன்னபோது, ஈரத்தில் ஊறிய அந்த ரசீதை விரித்துக் காட்டினார். நான் பெருவிரல் ரேகையைப் பார்க்கவில்லை. கயிறு அறுத்திருந்த அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காமல் போன இடமும் உண்டு. பேராக்கில் ஈயச் சுரங்க ஊர் ஒன்றில் ஞாயிறு மாலை ஆறு மணி வரை என்று ஒப்பந்தம். அன்று காட்சி தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. கதாநாயகனைத் தூக்குமேடைக்கு இழுத்துப் போகிறார்கள், மணி ஆறு. இவர் எழுந்துபோய், ஓடாமல் மிச்சமிருந்த இரண்டு ரீலையும் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்துவிட்டார். கொட்டகைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தாராம்.

"தவுக்கே, நாற்காலிய ஒடைக்கிறாங்க! தூக்குல போட்டாங்களா இல்லியான்னு அதையாச்சும் சொல்லிட்டுப் போங்க!"

"அதச் சொல்றதா எழுதல."

இதை அவர் என்னிடம் சிரிக்காமல் சொன்னார். ஒரு ஊர் முழுவதும் வயிற்றெரிச்சலோடு வீட்டுக்குப் போயிருக்கிறது. இவருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. இந்த மனிதருக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வி எனக்கு அன்றுதான் முதல்முறை வந்தது.

அவருடைய பெட்டிகளைத் துறைமுகத்திலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கொட்டகைக்கும் ஏற்றிப் போனவர் ஒரு மாட்டுவண்டிக்காரர். எப்போதும் வாயில் சுருட்டு. பெட்டிக்குள் இருப்பது பொறி பட்டால் வெடித்துப் பற்றும் பொருள் என்பதால், பெட்டி ஏறியதும் சுருட்டைப் பிடுங்கி எறிவது தவுக்கேயின் வழக்கம், திட்டுவது வண்டிக்காரரின் வழக்கம். அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பெண். நன்றாகப் பாடுவாள். இங்கே வந்து போன ஒரு நாடகக் குழுவோடு, அப்பனின் சம்மதம் இல்லாமல் கப்பலேறிவிட்டாள். அதன் பிறகு அவள் பெயரை அவர் சொன்னதில்லை. இரண்டு ஆண்டு கழித்துக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாசிக்கத் தெரியாததால் என்னிடம் கொண்டுவந்தார். காய்ச்சலில் போய்விட்டாள், அடக்கம் செய்துவிட்டோம் என்றிருந்தது. வாசித்து முடித்தேன். "இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன். மடித்து வாங்கிக்கொண்டு போனார். கடிதத்தில் தேதி இல்லை என்பதை நான் அப்போதும் கவனித்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

எட்டு மாதம் சென்று ஒரு படம் வந்தது. வந்த படத்தைக் கூடவே வரும் சுருள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் வெளியே விடமாட்டார். அதற்காகக் காலையில் கொட்டகையை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குவார். அன்று உள்ளே அவர், நான், மேலே இயந்திரம் ஓட்டுகிறவர், மூன்று பேர்தான். வண்டிக்காரர் பெட்டிகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முதல் சுருளில் ஒரு பூந்தோட்டம். பூக்கூடையோடு ஒருத்தி வந்து பாடத் தொடங்கினாள். அவள்தான். எங்கள் சந்தில் எருமுட்டை தட்டிக்கொண்டே பாடியவள்.

பாட்டின் இரண்டாவது அடி முடியவில்லை. கதவுத் துணி விலகியது. வண்டிக்காரர் சாட்டையோடு உள்ளே வந்து நின்றார். தெருவில் நின்றவருக்குக் குரல் கேட்டிருக்கிறது. திரையில் அவள் முகம் பெரிதாக வந்தபோது, அவர் கையிலிருந்த சாட்டை தரையில் விழுந்த ஓசையை நான் கேட்டேன். அவர் ஓர் அடிகூட முன்னால் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

பாட்டு முடிந்ததும், "யாரு அது?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா?

அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்தேன். நானா கையிலிருந்த பட்டியலைப் பார்த்துச் சொன்னார்: "ஒம்மகதான். மொத ரீலு மட்டும். அப்புறம் இல்ல."

படம் ஓடத் தொடங்கிய முதல் நாள் வண்டிக்காரரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அதை வாசித்தேன். 'இதைக் கொண்டுவருபவர் முதல் ரீல் முடியும் வரை உள்ளே நிற்கலாம்.' முழுப் படத்துக்கும் எழுதினால் என்ன என்று கேட்டேன். "அவரு கேட்டது மொத ரீலு" என்றார்.

படம் பினாங்குக்குத் திரும்பும்போதெல்லாம் வண்டிக்காரர் போவார். சுவரை ஒட்டி நிற்பார். பூந்தோட்டம் மறைந்ததும் வெளியே வந்துவிடுவார். சீட்டுக் கிழிக்கிறவர் சீண்டுவார்.

"என்னண்ணே, மிச்சப் படம் பாக்கலியா? சண்டையெல்லாம் இருக்கு."

"மிச்சத்துல அவ இல்லல்ல. நீ பாரு."

அந்தப் பிரதிக்கு இரண்டு ஆண்டு உரிமை. காலம் முடிந்ததும் சாட்சி முன்னால் சுருள்களை வெட்டி அழித்து, மெட்ராசுக்குச் சான்று அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தச் சான்றுக்குத்தான் நான் படிவம் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். வேறு படங்களை அவர் அப்படி வெட்டியிருக்கிறார். இது வெட்டப்படப் போகிறது என்று தெரிந்ததும் வண்டிக்காரர் கடைக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"தவுக்கே, அந்த மொதப் பெட்டிய மட்டும் எனக்குக் குடுத்துருங்க. மிச்சத்த வெட்டுங்க, என்னமும் செய்ங்க."

"குடுக்க முடியாது."

"ஏன்?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எம்மககிட்ட யாரும் கையெழுத்து வாங்கலியே?"

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "மெட்ராசுக்கு எழுதிக் கேக்குறேன்" என்றார். எழுதினார். பதில் அடுத்த கப்பலில் வந்தது. ஒரு சாண் நீளம்கூட மிஞ்சக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை என்னிடம் நீட்டினார். வாசித்துவிட்டு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கடல் தாண்டி இருக்கான் அவன். அவனுக்கு எப்படித் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

"நானா, நீங்க மனுசனா?"

"ஒப்பந்தத்துல அந்தக் கேள்வி இல்ல" என்றார். பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "திங்கக்கெழம சாட்சிக்கு நீ வா" என்றார்.

அதற்கு முன்பு அவருக்குச் சாட்சியாக வந்துகொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு சுங்க எழுத்தர். ஒவ்வொரு சுருளையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தே எண்ணுவார். அவர் ஊரில்தான் இருந்தார். ஏன் நான் என்று கேட்டேன்.

"நீ எழுதி வச்சா அது சரியா இருக்கும்னு ஊருல சொல்றாங்க."

அந்த ஆத்திரத்திலும் இந்தப் பாராட்டு எனக்கு இனித்தது என்பதை மறைக்கமாட்டேன்.

திங்கட்கிழமை கடையின் பின்கட்டில், கிணற்றடியில் ஒரு மரக்கட்டை. பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டி. தீப்பற்றாமல் இருக்க வெட்டிய துண்டுகளை அதில் போட வேண்டும். சுருள்களை முன்பே பெட்டியிலிருந்து எடுத்து, நனைத்த சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். கையில் பாராங் கத்தி. பின்வாசலில் மாட்டுவண்டி நின்றது. துண்டுகளைக் கடலில் கொட்டுவதற்கு வேறு யாரையும் அவர் அழைக்கவில்லை. அந்த வண்டிக்காரரையே வரச் சொல்லியிருந்தார். ஒருவன் இவ்வளவு தூரம் போவானா என்று நான் நம்ப முடியாமல் நின்றேன்.

"எண்ணிக்க தம்பி. நல்லா எண்ணிக்க" என்றார் நானா. எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

நான் படிவத்தைப் பின்பக்கம் திருப்பி, பென்சிலை எடுத்தேன். அவர் கைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாராங் விழும் ஓசை, தண்ணீரில் எதையோ அமுக்கும் ஓசை, பிறகு அவர் குரல்: "ரெண்டு." நான் ஒரு கோடு போட்டேன். "மூணு." ஒரு கோடு. லாபம் என்ற சொல்லை அவர் விட்டுவிட்டதைக் கவனித்தேன். அழிக்கிற வேலையில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூசியிருப்பார் என்று நினைத்தேன். அந்த மட்டுக்காவது கூச்சம் இருக்கிறதே என்றும் நினைத்தேன். வண்டிக்காரரின் முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. அது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. மகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள், இந்த மனிதர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

"பதினொண்ணு" என்று சொல்லிவிட்டு நானா நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. "எத்தன?"

"பதினொண்ணு."

"நீ சொல்றது?"

"ஆமா, நான் சொல்றதுதான். இதுல என்ன இருக்கு?"

என்னைக் கண்ணுக்குக் கண் பார்த்தார். "அப்ப எழுதிக்க" என்றார். இரண்டு படிவங்களிலும் 'நான்' என்ற சொல்லை அடித்து 'சாட்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழியில் பாதியை என் தலையில் வைக்கிறார் என்று புரிந்துகொண்டு, நானும் போட்டேன். ஒன்று மெட்ராசுக்குப் போயிற்று. மற்றதை அந்த வாரமே பசை தடவி ஆல்பத்தில் ஒட்டினேன்.

அதன் பிறகு நான் அவரோடு பேசவில்லை. நோட்டீஸ் வாசகத்தைக் கொண்டுவந்து வைப்பார். அச்சடித்து அவர் வாசலில் வைப்பேன். ஒரே ஒரு முறை, கதவுப் பக்கம் நின்றபடி, "கோவம் இருந்தா இருக்கட்டும் தம்பி. பேப்பர் சரியா இருக்குல்ல?" என்று கேட்டார்.

"பேப்பர் சரியாத்தான் இருக்கு" என்றேன், தலை நிமிராமல்.

"அது போதும்" என்று போய்விட்டார்.

அந்தக் காலத்தில் வேறு இரண்டு சிறு சங்கதிகள் நடந்தன. இரண்டையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, எழுதும் அளவுக்கு அவை பெரிதாகத் தோன்றவில்லை. வண்டிக்காரர் சுருட்டை விட்டுவிட்டார். கேட்டதற்கு, "பூசத்துல நேந்துக்கிட்டேன்" என்றார். மற்றது, வெட்டிய நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் கழித்து அச்சகத்துக்கு வந்து, அச்சுக்கட்டைகளில் பழுது பார்க்க நான் வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கேட்டார்.

"எதுக்குண்ணே?"

"மாட்டுக் கண்ணுல முள்ளு மாதிரி என்னமோ கெடக்கு."

"நான் வந்து பாக்கட்டா?"

"நீ வேணாம்லா. புது ஆளப் பாத்தா மெரளும்."

கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன், "இன்னும் ஆறல தம்பி" என்றார். தீபாவளிக்குக் கேட்டேன், "அந்த மாட்டுக்கு ஆயிருச்சு, இப்ப மத்ததுக்கு" என்றார். உலகத்தில் வேறெந்த மாட்டுக்கும் அத்தனை நாள் கண்வலி வந்திருக்காது. அச்சகத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொண்டேன்.

பெரிய கொட்டகைக்காரர்கள் மெட்ராசோடு நேராகப் பேசிப் படம் வாங்கத் தொடங்கியதும் கம்பெனி நின்றுபோனது. நானா ஊருக்குத் திரும்பும் நாளில் என் வாசலில் வந்து நின்றார். நான் எழுத்துப் பெட்டியின் மேல் குனிந்துகொண்டேன். அவர் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே மாட்டுவண்டியில் அவருடைய பெட்டி போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரர் ஏறி உட்காரவில்லை. நுகத்தைப் பிடித்துக்கொண்டு, வெயிலில், நானாவின் பக்கத்தில் நடந்து போனார். தெருமுனையில் நானா குடையை விரித்து அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். வெட்கங்கெட்ட மனிதர் என்று நான் வண்டிக்காரரைப் பற்றி நினைத்தேன்.

இனி அந்தத் தாளின் பின்பக்கம்.

பென்சில் கோடுகள். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது என் வழக்கம். அப்படி இரண்டு கட்டு இருக்கிறது. அதற்கு மேல் ஒரு கோடும் இல்லை. மூன்று முறை எண்ணினேன். தாளை வெளிச்சத்தில் பிடித்து, அழிந்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பத்து. அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ரெண்டில் தொடங்கிப் பதினொன்று வரை சொன்னால் பத்து எண்தான். அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. கடைசியாகக் காதில் விழுந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எழுதி வைத்தால் சரியாக இருக்கும் என்று ஊரில் பெயர் வாங்கிய நான்.

'நான்' என்பதை அவர் ஏன் அடித்தார் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்கும் சுங்க எழுத்தரை விட்டுவிட்டு, பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவனை ஏன் கூப்பிட்டார் என்பதும். தாளில் பொய் எழுதத் தெரியாத மனிதர், எழுதவில்லை. எழுதியவன் நான். வைக்கோல் அடைந்த மாட்டுக் கொட்டகையில் அந்த முதல் சுருள் இருந்திருந்தால், ஒரு சுருட்டு நெருப்பு போதும். சுருட்டை விட்டவர் எதற்காக நேர்ந்துகொண்டார்? சுருளில் ஒவ்வொரு படமும் கட்டைவிரல் நகம் அளவுதான்; அத்தனை மாதம் பூதக்கண்ணாடியால் எதைப் பார்த்தார்?

ஆனால் இவ்வளவும் என் ஊகம். முதல் முறை 'ரெண்டு' என்று கேட்பதற்கு முன்னால் பாராங் ஓசை கேட்டது, அது நினைவிருக்கிறது. அது ஒரு சுருளுக்கு விழுந்த வெட்டா, இரண்டுக்கா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நான் பென்சிலை எடுப்பதற்குள் முதலாவது தொட்டிக்குள் போயிருக்கலாம். வண்டிக்காரர் இறந்து பல ஆண்டு ஆகிறது. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கடைவீடுகள். நானா நாகப்பட்டினத்தில் கரையிறங்கிய பிறகு என்ன ஆனார் என்று எனக்குச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. சென்ற மாதம் வரை நான் விசாரிக்கவும் இல்லை.

தாளைத் திருத்தவில்லை. 'பதினொன்று' அப்படியே இருக்கிறது, அடியில் என் கையெழுத்தோடு. பக்கத்தில் மட்டும் இன்றைய தேதி போட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: பூதக்கண்ணாடி திரும்பி வரவில்லை. முதல் சுருள் வெட்டப்பட்டதா என்பது உறுதிப்படவில்லை.